நாப்பத்தோரு சீட்டு

வாசலில் இருக்கிற பலகையைத் துடைப்பது என் வேலை. பித்தளையில் ஒரு இலை, அதற்குக் கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. பசுமைக் கட்டடம், தங்கத் தரம் என்று அர்த்தமாம். காலை எட்டு மணிக்குள் அது பளபளவென்று இருக்கணும். பக்கத்தில் ஒரு செயற்கை அருவி, ஆள் உயரக் கண்ணாடியில் தண்ணி வழிந்துகொண்டே இருக்கும். பலகையைத் துடைத்துவிட்டு, அருவியைத் தாண்டி, லிஃப்ட்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்புக் கதவைத் திறந்து கீழே இறங்கினால் நாற்றம் மூஞ்சியில் அறையும்.

கட்டடம் திருவெறும்பூர் போகிற ரோட்டில் இருக்கு. ஏழு மாடி. மேலே ஆபீஸ்கள், நானூத்திப் பன்னிரண்டு பேர். கீழ்த்தளத்தில் நாங்கள் முப்பத்தெட்டுப் பேர், அத்தனை பேரும் கான்ட்ராக்ட். மேலே இருக்கிறவர்கள் கழுவியதும் கழித்ததும் கீழே உள்ள தொட்டிகளுக்குத்தான் வந்து சேரும். அதைச் சுத்தம் பண்ணி மறுபடி செடிக்கும் கக்கூசுக்கும் ஏத்தி விடுவோம். சோத்து மிச்சத்தை உரமாக்குகிற மெஷினும் அங்கேதான் ஓடுது. நாங்கள் சட்டை மாத்துவது, சோறு தின்பது, பத்து நிமிஷம் காலை நீட்டுவது எல்லாமே அந்த இடத்தில்தான். ஒரு சொட்டுத் தண்ணிகூட வீணாகாத கட்டடம் என்று மேலே எழுதி மாட்டியிருக்கிறார்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்தச் சொட்டைக் காப்பாத்துகிற ஆட்கள் என்ன காத்தை உள்ளே இழுக்கிறார்கள் என்று எந்த இடத்திலும் எழுதி மாட்டவில்லை.

காத்தை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கு. மணிக்குப் பத்து நிமிஷம்தான் ஓடும். டைமர் வைத்தது டோமினிக் சார், கட்டடத்துக்கு மேனேஜர். ஏன் சார் என்று ஒருநாள் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"முழு நேரமும் ஓடினா கரண்ட் கணக்கு ஏறும். ஏறுனா தங்கம் வெள்ளியாயிடும். வெள்ளியாச்சுன்னா மேல இருக்கிற கம்பெனி வேற கட்டடம் பாத்துக்கிட்டுப் போயிடும். அப்புறம் உனக்கு ஏது வேலை? யோசிச்சுக்க பிச்சமுத்து."

யோசித்தேன். யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம். அந்தத் தலைவலி எங்கள் எல்லாருக்கும் இருந்தது.

போன பங்குனியில் வெள்ளைச்சாமி விழுந்தான். தொட்டி ரூமில் அவனுக்கு அந்த வாரம் ட்யூட்டி. ஃபேன் நின்றிருந்த நேரம். ஏதோ மூட்டை விழுந்த மாதிரி சத்தம் கேட்டு ஓடினேன், பாக்கியநாதனும் ஓடிவந்தான். நான் தோளைப் பிடிக்க, அவன் காலைப் பிடிக்க, படியில் தூக்கிக்கொண்டு ஏறினோம். வெள்ளைச்சாமியின் உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். அதுக்கப்புறம் அவனால் நாலு படி ஏற முடியவில்லை. வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

டோமினிக் சார் ஒரு ரிப்போர்ட் எழுதினார். சாப்பிடாமல் வந்ததால் மயக்கம் என்று. சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். நான் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பாக்கியநாதன் போட்டான். அவனும் சாரும் ஒரே சர்ச், அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே சார்தான். பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்துதான் போட்டான், அதையும் பார்த்தேன். எப்படிப் போட்டால் என்ன, பேர் பேர்தானே. அன்றிலிருந்து அவனோடு நான் நல்ல வார்த்தை பேசவில்லை.

படித்துப் பார்த்தேன் என்று சொன்னேன் இல்லையா, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து வந்தது நாப்பத்தேழு வயசில். காரணம் ஒரு பாட்டில்.

தொட்டி ரூம் ட்யூட்டியை யாரும் விரும்பிப் பண்ண மாட்டார்கள். அதனால் திங்கள்கிழமைதோறும் சீட்டுக் குலுக்குவோம். ஒன்பது ஆம்பளைகள், ஒன்பது சீட்டு, ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில். யார் பேர் வருதோ அவனுக்கு அந்த வாரம் தொட்டி. அப்போது இருந்த சூப்பர்வைசர்தான் சீட்டு எழுதுவான். நாலு வாரம் தொடர்ந்து என் பேர் வந்தது. என் நேரம் அப்படி என்று இறங்கினேன். அஞ்சாவது வாரமும் என் பேர். அன்றைக்கு பாட்டில் கைதவறி விழுந்து சீட்டெல்லாம் சிதறியது. லிஃப்ட் ரிப்பேருக்கு வந்த ஒரு ஆள் பொறுக்கிக் கொடுக்கக் குனிந்தவர் கேட்டார்: "யாருய்யா பிச்சமுத்து? அஞ்சு சீட்டுல இருக்கான்."

ஒன்பதில் அஞ்சு என் பேர். அவன் மச்சான் பேரும் அவன் கூட்டாளிகள் பேரும் பாட்டிலிலேயே இல்லை. அஞ்சு வாரமாக என் கண்ணுக்கு முன்னால் என் பேரை எழுதி, மடித்து, என் கையாலேயே எடுக்க வைத்திருக்கிறான். எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வந்த ஆத்திரத்தில்தான் மேலச்சிந்தாமணியில் ரோசரி டீச்சர் நடத்துகிற சாயங்கால வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன். இரண்டு வருஷம். வேலை முடிந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வகுப்பு, அப்புறம் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம். பஸ்ஸில் தூங்கி ரெண்டு தடவை டிப்போவரைக்கும் போயிருக்கிறேன்.

அந்த சூப்பர்வைசர் போனதும் எங்கள் பாட்டிலுக்கு ஒரு முறை வந்தது. சீட்டு நான் எழுதுவேன். ஒவ்வொண்ணாக எல்லாருக்கும் காட்டி, சத்தமாகப் படித்து, எண்ணுவேன். அவனவன் பேரை அவனவனே மடித்துப் போடணும். போன வாரம் ட்யூட்டி பார்த்தவன் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கணும். எடுத்ததை நான் படிப்பேன். இதில் ஒரு தடவைகூடச் சண்டை வந்ததில்லை.

இந்தச் சித்திரையில் தஹ்ஸீன் என்று ஒரு பொண்ணு வந்தது. பாலக்கரைப் பொண்ணு, காலேஜில் ஆராய்ச்சி பண்ணுது. பசுமைச் சான்று வாங்கின கட்டடங்களில் வேலை செய்கிறவர்கள் நிஜமாகவே நல்லா இருக்கிறார்களா என்று ஆராய்ச்சி. திருச்சியில் பதினாலு கட்டடம் எடுத்திருந்தது. எங்கள் தங்கத்துக்கு இந்த வருஷம் புதுப்பிக்கிற தவணை. அந்தப் பொண்ணு எழுதுகிற ரிப்போர்ட் சான்று கொடுக்கிறவர்களுக்கும் போகும் என்று டோமினிக் சாரே சொல்லிக்கொண்டிருந்தார்.

அது வருகிற அன்றைக்குக் காலை ஆறு மணியிலிருந்து ஃபேன் ஓடியது. டைமரைக் கழற்றி வைத்திருந்தார்கள். பதினோரு மணிக்கு அந்தப் பொண்ணு ஒரு சின்னப் பெட்டியோடு கீழே வந்து, பத்து நிமிஷம் நின்று, காத்தை அளந்து எழுதிக்கொண்டது. நாங்கள் யாரும் அங்கே இல்லை. வெளியாட்கள் வந்தால் பின்படியில் போய் நிற்கணும் என்பது உத்தரவு. முப்பத்தெட்டுப் பேரும் பின்படியில் நெல்லு மூட்டை மாதிரி அடுக்கி நின்றோம்.

"நம்மளையும் அளக்கட்டும்னு போய் நிக்கவா?" என்றாள் அனுசுயா. உர மெஷின் அவள் பொறுப்பு. வாயும் அவள் பொறுப்பு. "சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு அந்தப் பெட்டி முன்னாடி மூச்சு விட்டுட்டு வரேன்."

நான் போய் நின்றேன். அந்தப் பொண்ணு லிஃப்ட்டுக்குக் காத்திருந்தது.

"எங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டீங்களா, மேடம்?"

திரும்பிப் பார்த்தது. "நீங்க எந்த ஃப்ளோர், அண்ணே?"

"கீழ."

"ஆபீஸ்ல நானூத்திப் பன்னெண்டு பேர் லிஸ்ட் குடுத்தாங்க. அதுலேர்ந்து அறுபது பேருக்கு மெயில் அனுப்பியிருக்கேன். உங்க பேர் அதுல..."

"நாங்க முப்பத்தெட்டுப் பேர். எங்களுக்கு மெயிலும் கெடையாது, லிஸ்டும் கெடையாது."

அதன் முகம் மாறியது. லிஃப்ட் வந்தது, ஏறவில்லை. பையிலிருந்து ஒரு கத்தை ஃபாரம் எடுத்தது. தமிழிலேயே இருந்தது. "இதுல இருபது இருக்கு. குடுத்து வாங்கி வைங்க. நாளான்னிக்கு வந்து வாங்கிக்கறேன்."

இருபது ஃபாரத்தையும் அன்றைக்குச் சாயங்காலமே நான் நிரப்பினேன். நானே. யாரிடமும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கு, எல்லாருக்கும் ஒரே காத்துதானே? காத்து எப்படி: மிக மோசம். நாற்றம்: மிக மோசம். தலைவலி: தினமும். இருபதிலும் அதே இடத்தில் டிக், பேனா கிழிக்கிற மாதிரி அழுத்தி. வெள்ளைச்சாமியின் உதடுதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

சொன்ன நாளில் அந்தப் பொண்ணு வந்தது. நாலு ஃபாரம் புரட்டியதும் கையை நிறுத்திவிட்டது.

"எல்லாம் ஒரே கையெழுத்து."

"ஆமா. எனக்குத்தான் நல்லா எழுத வரும்."

"எல்லாம் ஒரே பதில்."

"காத்து ஒண்ணுதானே?"

"அண்ணே, இதை என்னால எடுத்துக்க முடியாது."

எனக்குக் காது அடைத்தது. "ஏன், எங்க வாயி மோசமா?"

"இல்ல. இது ஒரே ஆள் இருபது தடவை பேசின மாதிரி இருக்கு."

"இருபது பேரும் இதையேதான் சொல்லுவாங்க."

"சொல்லுவாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டீங்களா?" கோபப்படாமல்தான் கேட்டது. "உங்க மேனேஜரும் இதையேதான் சொன்னாரு. கீழ எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, தனியா கேக்கத் தேவையில்லன்னு. அவரும் யாரையும் கேக்கல."

டோமினிக் சாரையும் என்னையும் ஒரே தட்டில் வைத்தது. அதுக்குப் பதில் சொல்லியிருப்பேன், வாயில் வந்த வார்த்தை ஒரு பொம்பளைப் பிள்ளையிடம் சொல்லக்கூடியது இல்லை. அனுசுயா நடுவில் புகுந்தாள்.

"ஏண்ணே, என் ஃபாரத்துல எனக்கு எத்தனை வயசு போட்ட?"

"நாப்பத்தஞ்சு."

"முப்பத்தெட்டு ஆகுது எனக்கு. அதுவே தப்பு. கேட்டிருக்கணும்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பொண்ணும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபாரங்களை அதன் கையிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கின கையோடு உட்கார்ந்துவிட்டேன். அஞ்சு சீட்டில் என் பேரை எழுதினவன் ஞாபகம் வந்தது. அவனும் ஒரே கையால்தான் எழுதினான்.

"சரி, எப்படி எடுத்தா எடுத்துப்பீங்க?" என்று கேட்டேன்.

"எல்லார் பேரையும் சேத்துக் குலுக்கி எடுக்கணும். மேல இருக்கிற நானூத்திப் பன்னெண்டு பேரோட உங்களையும் கலந்து, அதுலேர்ந்து புதுசா அறுபது பேர்."

"எங்க ஆளு எத்தனை பேர் வருவாங்க?"

மனசுக்குள் கணக்குப் போட்டது. "அஞ்சு பேர் வரலாம்."

"அம்பத்தஞ்சு பேர் ஏசில உக்காந்து நல்லா இருக்குன்னு சொல்லுவான். அஞ்சு பேர் மூச்சு முட்டுதுன்னு சொல்லுவான். கூட்டிக் கழிச்சா என்ன வரும்?"

அது நோட்டில் எழுதிப் பார்த்தது.

"கட்டடம் நல்லா இருக்குன்னு வரும்" என்றேன். "நாங்க செத்தாலும் நல்லா இருக்குன்னுதான் வரும். அது என்ன குலுக்கல்?"

அந்தப் பொண்ணு நோட்டை மூடியது. "கரெக்டுதாண்ணே. உங்களுக்குத் தனியா குலுக்கணும், தனியா எழுதணும். நான் ஆரம்பத்துலயே செஞ்சிருக்கணும், லிஸ்டைக் குடுத்ததும் நம்பிட்டேன்." பிறகு சுற்றிலும் பார்த்தது. "சீட்டுப் போட ஏதாவது டப்பா இருக்கா?"

அனுசுயா அதற்குள் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் குலுக்கல். நான் சீட்டு எழுதினேன். முப்பத்தெட்டு எழுதி முடித்தபோது கை நிற்கவில்லை. வெள்ளைச்சாமி என்று எழுதினேன். இந்த ஒரு வருஷத்துக்குள் உடம்பு முடியாமல் நின்றுபோன இன்னும் இரண்டு பேர் உண்டு, அவர்கள் பேரையும் எழுதினேன். நாப்பத்தோரு சீட்டு.

டோமினிக் சார் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். அவர் கீழே வந்து மூணு மாசம் இருக்கும்.

"வேலையில இல்லாதவன் பேரு எதுக்கு? இது ஏமாத்து வேலை. தஹ்ஸீன், யூ மஸ்ட் பி ஃபேர். இருக்கிறவங்களைக் கேளுங்க, போனவங்களை ஏன் இழுக்குறீங்க?"

"சார், ஒரு வருஷமா இங்க வேலை செஞ்சவங்க எப்படி இருந்தாங்கன்னுதான் என் கேள்வி" என்றது அந்தப் பொண்ணு. "இருக்கிறவங்களை மட்டும் கேட்டா, தாங்கிக்கிட்டவங்களை மட்டும் கேட்ட மாதிரி ஆயிடும். தாங்க முடியாதவங்கதான போயிட்டாங்க?"

"அவன் சாப்பிடாம வந்து விழுந்தான். ரிப்போர்ட் இருக்கு. சாட்சி இருக்கு." அவர் பாக்கியநாதனைப் பார்த்தார். பாக்கியநாதன் தன் சீட்டை மடித்துக்கொண்டிருந்தான். எட்டாக மடித்தான்.

"சார், கர்சீப்பை எடுத்துட்டுப் பேசுங்க" என்றாள் அனுசுயா. "ஒண்ணும் வெளங்கல."

பின்னால் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். சார் கர்சீப்பை எடுக்கவும் முடியாமல், வைத்துக்கொண்டு நிற்கவும் முடியாமல் படியேறிப் போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

சீட்டுகளைக் காட்டினேன், படித்தேன், எண்ணினேன். அவரவர் மடித்துப் போட்டார்கள். பீகார் பசங்க நாலு பேருக்கு அந்தப் பொண்ணு அவர்கள் பாஷையில் விளக்கிச் சொன்னது. போனவர்கள் சீட்டை அனுசுயா மடித்தாள். நாப்பத்தொண்ணில் பன்னிரண்டு. முந்தின வாரம் தொட்டி பார்த்தவன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்க, நான் படிக்க, அந்தப் பொண்ணு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து குனிந்து எழுதிக்கொண்டது.

நாலாவது சீட்டு வெள்ளைச்சாமி. படித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். "வந்துட்டாண்டா" என்றாள் அனுசுயா. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவன் வாயால் கேட்கட்டும், நாலு படி ஏற முடியாதவன் வாயால்.

அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. என் பேர் வரவில்லை.

ஒன்பதாவது சீட்டு தடிமனாக இருந்தது. எட்டாக மடித்தது. பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பாக்கியநாதன்.

சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். சாரோடு ஒரே பெஞ்சில் மண்டி போடுகிறவன். இவன் உள்ளே போய் என்ன சொல்லுவான்? நல்லா இருக்குங்க, குறை ஒண்ணும் இல்லைங்க. வெள்ளைச்சாமி சொல்லுகிறதை இவன் ஒருத்தன் வந்து அழிப்பான். நான் போனால் எல்லாத்தையும் சொல்லுவேன். டைமர், பின்படி, காலை ஆறு மணிக்குப் போட்ட ஃபேன், கத்தரிக்காய் உதடு. என்னைவிட இதில் யாருக்குக் கோபம் இருக்கு? நான்தான் போகணும்.

அந்தப் பொண்ணு சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. நான் படிக்கிறதை நம்பி எழுதிக்கொண்டிருந்தது. மத்தவர்கள் தூரத்தில். சீட்டில் இருந்தது என் எழுத்து, படிக்கிறவன் நான். பிச்சமுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"என்னண்ணே, எழுத்து மறந்துபோச்சா?" என்றாள் அனுசுயா.

எழுத்துத் தெரியாத என் முன்னால் நின்று அந்த சூப்பர்வைசர் அஞ்சு வாரமும் எவ்வளவு சாதாரணமாகப் படித்தான் என்பது ஞாபகம் வந்தது. பிச்சமுத்து, என்று படித்துவிட்டு மூக்கைச் சொறிந்துகொள்வான்.

"பாக்கியநாதன்" என்று படித்தேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் பத்தாவது சீட்டுக்குக் கையை நீட்டினேன். பன்னிரண்டு வரைக்கும் என் பேர் வரவேயில்லை.

ஒவ்வொருத்தராக ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டது அந்தப் பொண்ணு. என்ன சொன்னார்கள் என்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டது. பாக்கியநாதன் உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆனது. நல்லா இருக்கு என்று சொல்ல எதுக்கு முக்கால் மணி நேரம் என்று நான் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. சாரைப் புகழ்ந்துகொண்டிருப்பான் என்று நினைத்தேன். வெளியே வந்தவனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேலையை விட்டுப் போனவர்களை போனில் கேட்பதாக அந்தப் பொண்ணு சொன்னது. காத்தை அளக்கிற நேரத்தையும் சீட்டுப் போட்டு எடுத்து, யாரிடமும் சொல்லாமல் வந்து அளந்தது. ஒருநாள் காலை ஏழரைக்கு, ஒருநாள் மதியம், ஒருநாள் வந்து நாங்கள் சோறு தின்கிறபோது பெட்டியை சோத்துக்குப் பக்கத்திலேயே வைத்தது.

இரண்டு மாசம் கழித்து வந்து, எங்கள் பக்கத்தை மட்டும் தமிழில் எழுதி என்னிடம் கொடுத்தது. படியில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தேன். கட்டடம் மொத்தத்தையும் ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, கீழ்த்தளத்தைத் தனியாகப் பார்க்கணும் என்று முதல் வரி. கேட்கப்பட்ட பன்னிருவரில் பதினொருவர், காற்று மூச்சு விட முடியாதபடி இருப்பதாகச் சொன்னார்கள். ஒருவர், எந்தக் குறையும் இல்லை என்றார்.

ஒருவர்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பதினொண்ணு கண்ணுக்குத் தெரியவில்லை. நேராகப் போய், டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த பாக்கியநாதன் முன்னால் நின்றேன்.

"அந்த ஒண்ணு யாருன்னு எனக்குத் தெரியும்."

"எந்த ஒண்ணுண்ணே?"

"வெள்ளைச்சாமி காலைப் பிடிச்சுத் தூக்கினியே, அந்தக் கை உனக்கு விளங்குமா?"

அவன் டிபன் பாக்ஸை உதறிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். மதியம் டீ எடுத்து ஊத்துவது என் வேலை. அன்றிலிருந்து அவன் டம்ளரைத் தாண்டி அடுத்த டம்ளருக்கு ஊத்தினேன். ஒரு மாசம். அவன் கேட்கவும் இல்லை. கூட இருந்தவர்களும் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்து.

சான்று கொடுக்கிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. ஆள் இருக்கிற நேரம் முழுக்க ஃபேன் ஓடணும், இல்லையென்றால் புதுப்பிக்க மாட்டோம் என்று. டோமினிக் சார் டைமரைக் கழற்றினார். கரண்ட் கணக்கு ஏறும், தங்கம் போகும், வேலை போகும் என்று சொன்னாரே, ஒண்ணும் போகவில்லை. வாசலில் இருந்த கண்ணாடி அருவியை நிறுத்தினார். அதன் மோட்டார் தின்ற கரண்டுதான் எங்கள் ஃபேனுக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான். ஒரு மனுஷன் நாலு படி ஏற முடியாமல் போனது, கண்ணாடியில் தண்ணி வழிகிறதைப் பார்க்க. அருவி நின்றதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. நான் தினமும் அந்தக் காய்ந்த கண்ணாடியைத் துடைக்கிறேன், துடைக்கும்போதெல்லாம் உடைக்கணும் போல இருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச்சாமியைப் பார்க்கப் போனேன். அவன் வீடும் ஸ்ரீரங்கத்தில்தான், பஞ்சக்கரை ரோட்டுப் பக்கம். எங்கள் தெருவிலிருந்து நடந்தால் இருபது நிமிஷம். அந்தத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தேன். ஃபேன் ஓடுது என்று சொல்லணும், நீ சொன்னதாலதாண்டா என்று சொல்லணும்.

கயித்துக் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் சம்சாரம் பூக்கடைக்குக் கட்டிக் கொடுக்கிற துளசியை ஆய்ந்துகொண்டிருந்தது. இளைத்துப்போயிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, இருமல் வந்து, உட்கார்ந்தான்.

"வாங்கண்ணே. சார் அனுப்பினாரா?"

"சாரு எங்கேர்ந்து? நான்தான் வந்தேன்."

"இல்ல, அந்தக் காலேஜ் பொண்ணு போன் பண்ணுச்சு, ரெண்டு மூணு மாசம் முன்னாடி. கட்டடத்துலேர்ந்து கேக்குறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன்." மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தான். "நல்லாச் சொல்லி வச்சேன்ணே. காத்து நல்லா வரும், தலைவலி ஒண்ணும் கெடையாது, எல்லாம் சௌகரியம்னு. கீழ விழுந்ததுகூட நான் சாப்பிடாம வந்ததாலதான்னு சொல்லிட்டேன். சார் காதுக்குப் போயிருக்கும்ல?"

சட்டைப்பையில் இருந்த கையை நான் எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணு ரெண்டு தடவை கேட்டுச்சு. பயப்படாதீங்க, பேரு வராதுன்னுச்சு. பேரு வராட்டி சாருக்கு எப்படித் தெரியும்னு நானே ஊரு பேரு எல்லாம் திருப்பிச் சொன்னேன்." சிரித்தான். "திரும்பக் கூப்பிடுவாருல்லண்ணே? மேல வாசல்ல நிக்கிற வேலையா இருந்தா செய்வேன். படிதான் முடியல."

"டேய்" என்றேன். அறையணும் போல இருந்தது. அவனைத்தான் அறையணுமா என்றால், தெரியவில்லை. உயிர் போகப் பார்த்த மனுஷனை, போனில்கூட, நல்லா இருக்குங்க என்று சொல்லவைக்கிற இடத்தை எங்கே போய் அறைவது.

"கேட்டுப் பாக்குறேன்" என்றேன்.

அவன் சம்சாரம் காப்பி கொண்டுவந்தது. குடித்துவிட்டு எழுந்தேன். தாள் பையிலேயே இருந்தது.

திங்கள்கிழமை சீட்டுக் குலுக்கினோம். தொட்டி எனக்கு வந்தது. தொட்டி ரூமில் ஃபேன் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதுகூடக் கேட்காது இப்போது. மதியம் டீ எடுத்து வந்தேன். வரிசையாக ஊத்திக்கொண்டே வந்து பாக்கியநாதன் டம்ளரில் நின்றேன். வழிய வழிய ஊத்தினேன்.

டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என்னண்ணே, இன்னிக்குக் கண்ணு தெரியுதா?"

"குடி."

"முக்கால் மணி நேரம் அந்த ஸ்டோர் ரூம்ல அழுதேன் நான். கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். எதையும் விடல." அவன் குரலில்தான் இப்போது கோபம் இருந்தது. "நீ ஒரு வார்த்தை கேட்டியா என்னைய?"

"கேக்கல. தப்புதான்."

"அப்ப அந்த ஒண்ணு யாரு? தெரிஞ்சுதானே வந்து ஊத்துற?"

அனுசுயா உர மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

"தெரியாது" என்றேன். "யாருன்னு சொல்லக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்குல்ல. ஆறிடப்போவுது, குடி."